கடைசி அழைப்பு வரை தூங்கியவள்

நீளம் தாண்டும் குழியின் மணலில் தூங்குவாள். ஹர்டில்ஸ் கட்டைகளை அடுக்கி வைத்திருக்கும் தகரக் கொட்டகையில், உயரம் தாண்டும் மெத்தையில் பாதி, தரையில் பாதி என்று கிடந்து தூங்குவாள். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் பழனி வண்டி நிற்கிற இடத்தில், கண்டக்டர்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கும்போது, தூணில் சாய்ந்து நின்றபடியே தூங்குவாள். நின்றபடி! குதிரைக்கு அடுத்தபடி அந்த வரம் அவளுக்குத்தான். நான் பஞ்சு மெத்தையில் கிடந்து ஓடாத ஃபேனைக்கூட வெறித்துக்கொண்டிருக்கிற ரகம்.

காலம் எவ்வளவோ ஓடிவிட்டது. இன்றும் யாராவது என்னிடம் "நல்லா தூங்குனேன்" என்று சொன்னால் முதலில் அவள் முகம் வரும். கூடவே வயிற்றுக்குள் சின்னதாக ஓர் எரிச்சல் வரும். இரண்டும் சேர்ந்தேதான் வரும், பிரித்துப் பார்த்ததில்லை. பொறாமை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. நகையைப் பார்த்து, நிறத்தைப் பார்த்து, வாய்த்த மாப்பிள்ளையைப் பார்த்து வயிறு எரிகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒருத்தியின் தூக்கத்தைப் பார்த்து எரிந்தேன்.

மலைக்கோட்டைப் பாறை கண்ணில் படுகிற தூரத்தில், பாதிரியார்கள் நடத்தும் கல்லூரி. உடற்கல்வியில் முதுகலை. வகுப்பு முழுக்கப் பையன்கள். பெண்கள் நாங்கள் இரண்டு பேர்தான். நான் பேகம்பூர்க்காரி, அத்தாவுக்குத் தோல் மண்டி. அவள் ஒட்டன்சத்திரம் பக்கம், அப்பாவுக்குக் காய்கறி மார்க்கெட்டில் கமிஷன் கடை. நான் விடியும் முன் வீட்டிலிருந்து சைக்கிளை மிதித்து மைதானத்துக்கு வருவேன். அவள் விடுதிப் பெண், பத்தடி நடந்தால் மைதானம். எனக்கு முன்னாலேயே வந்திருப்பாள். வந்து தூங்கியிருப்பாள்.

"நூரு, உன் ஜோடியை எழுப்பும்மா. அட்டெண்டென்ஸ் எடுக்கணும்" என்பார் எங்கள் சார்.

அப்படித்தான் அந்த வேலை என் தலையில் விழுந்தது. யாரும் எனக்கு அதை நியமனம் செய்யவில்லை. சார் ஒரு நாள் சொன்னார், மறுநாளும் சொன்னார், அப்புறம் சொல்லாமலேயே நான் போய் எழுப்பினேன். தோளைத் தொட்டால் போதாது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் போதாது. முழங்காலில் இரண்டு தட்டு தட்டி, "ஏ புள்ள, எந்திரி" என்று காதுக்குள் சொல்ல வேண்டும். உடனே கண்ணைத் திறப்பாள். அதுதான் கொடுமை. எனக்கு விழிப்பு என்றால் கண் எரியும், தலை கனக்கும், நாக்கு கசக்கும். அவள் தூக்கத்திலிருந்து வருவது குளத்திலிருந்து கரையேறுகிற மாதிரி இருக்கும். ஈரமும் குளிர்ச்சியுமாக, சிரித்துக்கொண்டு.

"விடிஞ்சுருச்சுங்களா?"

எல்லோருக்கும் 'ங்க' போடுவாள். சாருக்கு, வாட்ச்மேனுக்கு, அவளைவிடச் சின்னப் பையன்களுக்கு, எனக்கு. ஒருமுறை குண்டு எறியும்போது கை வழுக்கிக் காலில் விழப் பார்த்தது. "ஐயோ, இருங்க இருங்க" என்றாள் குண்டிடம். பையன்கள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். அவளும் கூடவே சிரித்தாள். கேலி செய்தால் எனக்கு மூன்று நாளைக்கு அது உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அவளுக்கு அது காதில் விழுந்து, சிரிப்பாகி, அப்படியே மணலில் உதிர்ந்துவிடும். அதற்கும் ஒரு பொறாமை உண்டு. ஆனால் அது சில்லறைப் பொறாமை.

பெரிய பொறாமை பிறந்தது உடற்செயலியல் செய்முறை வகுப்பில். ஓய்வாகப் படுத்திருக்கும்போது நாடி எப்படித் துடிக்கிறது என்று ஜோடி ஜோடியாக எடுக்க வேண்டும். அவள் பாயில் படுத்தாள். நான் மணிக்கட்டைப் பிடித்தேன். சார் ஸ்டாப்வாட்சை அமுக்குவதற்குள் தூங்கிவிட்டாள். என் விரல்களுக்கு அடியில் ஒரு துடிப்பு வந்தது, ஆழமான கிணற்றில் வாளி தண்ணீரைத் தொடுகிற மாதிரி. அப்புறம் அமைதி. அந்த அமைதிக்குள் நான் கேண்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வரலாம் போலிருந்தது. அப்புறம் அடுத்த துடிப்பு. அவசரமே இல்லை. உலகத்தில் யாருமே அவளை எங்கேயும் தேடவில்லை என்பது போல.

என் முறை வந்தது. ஜோடி தூங்குவதால் சாரே என் கையைப் பிடித்தார். முகத்தைச் சுருக்கினார்.

"என்னம்மா, மாடி ஏறி ஓடி வந்தியா?"

"இல்ல சார். இங்கனதான் படுத்திருந்தேன்."

"சின்னாளப்பட்டியில தறி ஓடுற மாதிரில்ல ஓடுது. இதைப் போயி ஓய்வுன்னு எழுதச் சொல்றியா? எந்திரிச்சுச் செத்த நேரம் வெளிய நின்னுட்டு வா."

வெளியே நின்றேன். ஜன்னல் வழியே பார்த்தால் அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். பையன்கள் அவளைச் சுற்றி நின்று, பாடத்துக்கு வைத்த பொம்மையைப் பார்ப்பது போல, சாரின் விளக்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல இதயம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சார் சொல்லிக்கொண்டிருந்தார். நான் என் நெஞ்சில் கை வைத்துப் பார்த்தேன். எங்கே ஓடுகிறது இந்தச் சனியன் என்று தோன்றியது.

சிற்றாலயத்தில் வாரம் ஒருமுறை எல்லா மதத்துப் பிள்ளைகளும் உட்கார வேண்டும். நான் துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்காருவேன். பக்கத்தில் அவள். பாட்டு முடிவதற்குள் அவள் தலை என் தோளில் இறங்கிவிடும். ஒரு முறை பாதிரியார் விழிப்போடு இருக்க வேண்டியதன் அவசியத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார். பேச்சின் உச்சத்தில், குரல் தணிந்து எல்லோரும் மூச்சைப் பிடித்திருந்த இடத்தில், என் தோளிலிருந்து சன்னமாக ஒரு குறட்டை கிளம்பியது. முன் வரிசைகள் திரும்பின. எனக்குக் காது மடல் வரை சுட்டது. ஆனால் தோளை அசைக்கவில்லை. அசைத்திருக்கலாம். ஏன் அசைக்கவில்லை என்று இன்று வரை எனக்குப் புரிந்ததில்லை. கழுத்து மரத்துப்போய், துப்பட்டாவில் அவள் எச்சில் வட்டமாக ஊறிக்கொண்டிருக்க, நான் சிலை மாதிரி இருந்தேன்.

வெளியே வந்ததும் பாதிரியார் என்னிடம் வந்தார்.

"உங்க தோழிக்கு உடம்பு ஏதும் முடியலையா?"

"தூக்கம் ஃபாதர்."

அவர் சிரித்தார். "குடுத்து வச்சவ" என்றார். அதைச் சொன்ன குரலில் கண்டிப்பு இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்த ஏதோ ஒன்று அதில் இருந்தது. சரி, நான் மட்டும் இல்லை என்று சின்ன ஆறுதல்.

பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவள் மட்டன் தொட மாட்டாள் என்று அம்மா தனியாகத் தக்காளிச் சோறு ஆக்கி, வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காயும் வைத்திருந்தாள். ரசித்துச் சாப்பிட்டாள். சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு நடு வீட்டில், யார் வீடு என்ன ஏது என்ற யோசனையே இல்லாமல், சுருண்டு படுத்துவிட்டாள். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். நான் ஓட்டப்பந்தயம் படிக்கப் போனதிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த அம்மா, மசாலா அரைத்துக்கொண்டிருந்த மிக்சியை நிறுத்தினாள். ஒரு போர்வையை எடுத்து வந்து அவள் காலில் போர்த்தினாள்.

"பொம்பளப் புள்ளைன்னா இப்டி இருக்கணும். சாப்ட்டா, படுத்தா. நீயும் இருக்கியே, கொடியில காயப்போட்ட துணி காத்துக்கு ஆடுற மாதிரி."

எனக்காக அம்மா ஒரு நாளும் மிக்சியை நிறுத்தியதில்லை.

சாயந்தரம் அவளை எழுப்பி பஸ் ஏற்றிவிட்டு வந்தபோது அம்மா வாசலிலேயே நின்றாள். "இந்தா பாரு. ரெண்டு வருசம் ஓடியாச்சு. அத்தா சொல்லச் சொன்னாங்க. படிப்பு முடிஞ்சதும் வேலை கிடைச்சா ஓடு. கிடைக்கலேன்னா வந்து வீட்டோட உக்காரு."

உட்காருவது என்றால் என்னவென்று எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்குத் தெரியும். ஓடிப் பழகிய காலுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. அன்றிலிருந்து எனக்கு இருந்த கொஞ்சநஞ்சத் தூக்கமும் போனது.

கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி ஒன்று. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு போட்டிக்கும் மூன்று முறை கூப்பிடுவார்கள். மூன்றாவது அழைப்புக்கும் போய் நிற்காதவர் பெயரை அடித்துவிடுவார்கள். நான் முதல் அழைப்புக்கு முன்பே போய் நிற்பேன். நானூறு மீட்டருக்கு முன்னால் உடம்பைச் சூடேற்றுகிறேன் என்று மைதானத்தை எத்தனை சுற்று சுற்றினேன் என்று எனக்கே தெரியாது. அவள் கேலரி நிழலில் கிட் பேகைத் தலைக்கு வைத்துக்கொண்டு, "ரெண்டாவதுக்கு எழுப்புங்க" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

இரண்டாவது அழைப்புக்கு ஓடிப்போய் முழங்காலில் தட்டினேன். எழுந்தாள். பின்னலை இறுக்கினாள். கொட்டாவி விட்டாள். துப்பாக்கி வெடித்ததும் ஓடினாள். எனக்குப் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் வந்து, கடைசி வளைவில் என் பார்வைக்குள் வந்து, அப்புறம் அவள் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அவள் முதல். நான் மூன்றாவது.

புல்லில் விழுந்து கிடந்த எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். "நீங்க வெடி வெடிக்கறதுக்கு முந்தியே ஓடி முடிச்சுட்டீங்க நூரு" என்றாள். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னாள். குத்திக் காட்டியிருந்தால் திட்டியாவது இருக்கலாம்.

படிப்பு முடிகிற சமயம் நகரத்துக்குள் இருந்த ஒரு மிஷன் பள்ளியில் பெண்களுக்கான உடற்கல்வி ஆசிரியர் இடம் ஒன்று காலியானது. நிரந்தர இடம். நானூறு மீட்டர் டிராக் தாராளமாகக் கொள்ளும் மைதானம். விண்ணப்பித்தது நாங்கள் இருவர்தான். எனக்கு அது கிடைத்தால் ஓடலாம், கிடைக்காவிட்டால் உட்கார வேண்டும். அவளுக்கு என்ன என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

நேர்முகத்தில் கேள்விகள் முடிந்ததும், தனித்தனியாக மைதானத்தில் கோடு போட்டுக் காட்டச் சொன்னார்கள். டிராக்கில் வெளிப்பக்கப் பாதை உள்பாதையைவிட நீளம். அதனால் வெளியே ஓடுகிறவரைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். அந்தத் தள்ளலுக்கு ஸ்டேகர் என்று பெயர். ஒருவர் தனியாக ஓடும் நானூறு மீட்டருக்கு ஒரு கணக்கு. நான்கு பேர் ஆளுக்கு நானூறு மீட்டர் மாறி மாறி ஓடும் ரிலேவுக்கு வேறு கணக்கு, அதில் இன்னும் முன்னால் தள்ள வேண்டும். தாளாளர் ஃபாதர் தனி ஓட்டத்துக்குப் போடச் சொன்னார்.

முந்தின இரவெல்லாம் நான் எல்லாக் கணக்குகளையும் மனசுக்குள் ஒப்பித்திருந்தேன். டேப்பை இழுத்தேன். சுண்ணாம்புத் தூளை வைத்துக் கோடு கிழித்தேன். எவ்வளவு சுத்தமான கோடுகள்! வெள்ளை வெளேர் என்று, ஒன்றுக்கொன்று முன்னால், படிக்கட்டு மாதிரி. முடித்துவிட்டு நிமிர்ந்தபோது இந்த வேலை எனக்குத்தான் என்று தெரிந்துவிட்டது.

எழுத்தர் அடுத்து அவள் பெயரைக் கூப்பிட்டார். மைதானத்தின் ஓரத்தில் பெரிய மரம், அதன் கீழே சிமெண்ட் பெஞ்ச். அந்த மரத்துக்கு ஊரில் பெயரே தூங்குமூஞ்சி மரம். பெஞ்சில் அவள். மறுபடியும் கூப்பிட்டார். அசைவில்லை. நான் பேசாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். என் கால் சைக்கிளை நோக்கித்தான் திரும்பியது. ஆனால் நின்றது பெஞ்சின் முன்னால். பழக்க தோஷம். முழங்காலில் இரண்டு தட்டு.

"ஏ புள்ள, எந்திரி. உன்னையத்தான் கூப்டுறாக."

கன்னத்தில் பெஞ்சின் சொரசொரப்பு அச்சாகப் பதிந்திருந்தது. துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டேன். சிரித்துக்கொண்டே போனாள். போய், என் கோடுகளைப் பார்த்துச் செத்த நேரம் நின்றாள். பிறகு டேப்பைப் பிடித்து, என் ஒவ்வொரு கோட்டுக்கும் பின்னால் தன் கோட்டைப் போட்டாள்.

"என்னம்மா, எல்லாம் பின்னாடி போகுது?" என்றார் ஃபாதர்.

அவள் என் பக்கம் திரும்பினாள். முகம் அழுகிறவள் மாதிரி ஆகிவிட்டது.

"அது ரிலேவுக்குப் போட்டதுங்க ஃபாதர். ரிலேவுக்கு அது ரொம்பச் சரிங்க."

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. தூங்காத மண்டைக்குள் எல்லாக் கணக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு, கேட்ட கதவைத் திறக்காமல் பக்கத்துக் கதவைத் திறந்திருக்கிறேன். என் கோடுகள் அவள் கோடுகளுக்கு முன்னால் பளபளத்தன. வாழ்க்கையில் ஒருமுறை அவளை முந்தியிருந்தேன். தப்பும் அதுதான்.

வேலை அவளுக்கு. சேதி வந்த அன்று வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை, தண்ணீர்கூட வாங்கவில்லை.

"நீங்க ஏனுங்க என்னைய எழுப்புனீங்க?" என்றாள்.

கதவைச் சாத்திக்கொண்டேன்.

வந்து உட்கார்ந்தேன். அந்தக் காலத்தைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. ஜன்னல் இருந்தது, தெரு இருந்தது. பிறகு அத்தாவின் மனசு எப்படியோ இளகி, கன்னிவாடிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் சேர்ந்தேன். கருவேலம் புதரை வெட்டி நாங்களே உண்டாக்கிக்கொண்ட மைதானம். இன்றும் அங்கேதான். தினமும் பஸ்ஸில் போகிறேன், வருகிறேன். பக்கத்து சீட்டில் வாயைப் பிளந்து தூங்குகிறவர்களை எண்ணாமல் இருக்கப் பழகிக்கொண்டேன். மிஷன் பள்ளி மதிலைத் தாண்டும்போதெல்லாம், உள்ளே அவள் ஏதோ ஒரு நிழலில் தூங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைப்பேன். நினைத்ததும் அந்த எரிச்சல் வரும். அது எனக்குக் கையில் கட்டிய வாட்ச் மாதிரி ஆகிவிட்டது. நேரம் தவறாமல் ஓடும்.

இந்த வருடம் மாவட்ட விளையாட்டுப் போட்டிக்கு என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கேலரியில் தொப்பியும் விசிலுமாக ஒரு கனத்த உருவம் படியேறி வந்தது.

"ஏனுங்க நூரு!"

முடி நரைத்திருந்தது. எனக்கு முதலில் கண்ணில் பட்டது வேறு. இரண்டு கண்ணுக்குக் கீழும் கருவளையம், மையைத் தேய்த்து வைத்த மாதிரி. என் மனசு துள்ளியது. ஆமாம், துள்ளியது.

"என்ன புள்ள, தூங்குறதே இல்லியா நீயி?"

"எங்கீங்க தூங்கறது." பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். "அவருக்கு விடியக்காலம் லோடு எடுக்கப் போவோணும். மாமனாருக்கு மாத்திரை குடுக்கோணும். பையனுக்கு ட்யூசனு. எல்லாரையும் நாந்தானுங்க எழுப்பி உடோணும். அசந்தா போச்சு."

"காலேஜ்ல மட்டும் அம்புட்டுத் தூக்கம் தூங்குனியே? மூட்டை மாதிரி கெடப்பியே?"

"காலேஜ்ல நீங்க இருந்தீங்கள்ல."

புரியாமல் பார்த்தேன்.

"எங்கூட்டுல சின்னதுலயிருந்தே நாந்தானுங்க அலாரம். அப்பன் மார்க்கெட்டுக்குப் போவோணும், அண்ணன் மூட்டை ஏத்தப் போவோணும். நா அசந்துட்டா அன்னிக்கு ஏவாரமே இல்ல. காலேஜுக்கு வந்தப்பத்தான் என்னைய எழுப்பறதுக்குன்னு ஒரு ஆளு இருந்துச்சு. படுத்தாப் போதும், நீங்க வந்து தட்டுவீங்கன்னு தெரியும். அந்த ரெண்டு வருசம் தூங்குனதுதானுங்க. அதுக்கு முன்னாடியும் இல்ல, பொறகும் இல்ல."

மைதானத்தில் யாரோ கோலூன்றித் தாண்டினார்கள். கைதட்டல் எழுந்தது. நியாயமாக என் கண் கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை. அந்தப் பழைய எரிச்சல்தான் புதுசாகப் பற்றிக்கொண்டு எழுந்தது, முன்பைவிடப் பெரிதாக. நான் ஏங்கி ஏங்கிப் பார்த்த அந்தத் தூக்கத்தில் என் விழிப்பு கலந்திருக்கிறது. என்னிடமிருந்து எடுத்துத்தான் அவள் போர்த்திக்கொண்டு தூங்கியிருக்கிறாள். சரி, எனக்கு? என்னை எழுப்ப ஆள் இருக்கிறது என்று நான் எந்த நாளில், எந்த நிழலில் கண்ணை மூடினேன்?

"எனக்கு அப்டி ஒருத்தரும் இல்லியே புள்ள" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

அவள் தொப்பியைக் கழற்றினாள். மடியைத் தட்டிக் காட்டினாள்.

"படுங்க."

"போ புள்ள. புள்ளைக பாக்கும்."

"பாக்கட்டுங்க. நம்ம ரெண்டு பேரு புள்ளைகளுக்கும் அடுத்தது ரிலேதான். இன்னும் நேரங்கெடக்குது. ரெண்டாவதுக்கு நான் எழுப்பறேன், படுங்க."

படுத்தேன். அவள் கை என் நெற்றியில் இருந்தது. சுண்ணாம்பும் வியர்வையும் கலந்த வாசனை. கண்ணை மூடினேன். விசில் சத்தம் தூரமாகப் போனது. ஐஸ் விற்கிறவரின் மணி தூரமாகப் போனது. நெஞ்சுக்குள் ஓடிக்கொண்டிருந்த தறி, எனக்கே ஆச்சரியமாக, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்தது. இதுதானா, இப்படித்தான் இருக்குமா என்று நினைத்தேன். கிணற்றுக்குள் வாளி இறங்கத் தொடங்கியது.

நெற்றியில் இருந்த கை திடீரென்று கனத்தது.

மேலே சன்னமாக ஒரு குறட்டை.

கண்ணைத் திறந்தேன். உட்கார்ந்த வாக்கிலேயே, வாயைக் கொஞ்சமாகப் பிளந்துகொண்டு, தூங்கிவிட்டாள். முகம் அப்படியே அந்தச் சிற்றாலயத்து முகம். கருவளையத்தைக்கூடக் காணோம். ஒலிபெருக்கி ரிலேவுக்கு முதல் அழைப்பு விடுத்தது. கீழே அவள் பிள்ளைகளும் என் பிள்ளைகளும் கட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது அழைப்பும் வந்தது. அவள் கை என் நெற்றியில் மரக்கட்டை மாதிரி கிடந்தது. என் கை அவள் முழங்கால் வரை போய் நின்றது.

பாவி. இப்பவும் நீதான் தூங்குகிறாய்.

கடைசி அழைப்புக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. அதுவரை கிடக்கட்டும் என்று, கழுத்தை அசைக்காமல், அவள் மடியில் கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தேன்.